அடுத்தவன் எழுதிய ‘நான்’

எங்கள் அச்சகத்தில் அந்த அக்காவிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. ஓனரும் வாங்கியிருக்கிறார். காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற சிவகாசி அச்சகங்களில் அதுவும் ஒன்று. நான் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பேன், அக்கா புரூஃப் பார்ப்பார். தமிழில் எம்.ஏ. படித்தவர். ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்து, அங்கே சண்டை போட்டுவிட்டு வந்தவர் என்று பேச்சு. ஆனைக்குட்டத்தில் இருந்து பஸ்ஸில் வந்துபோவார். எதை வாசித்தாலும் மூக்கை லேசாகச் சுளித்துக்கொண்டுதான் வாசிப்பார். ஏதோ கருகுகிற வாடை வந்து, அது எங்கே என்று தேடுகிறவர் மாதிரி இருக்கும்.

எழுத்துப் பிழைக்கு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒற்று விட்டுப்போனால் பேசாமல் போட்டுவிடுவார். கோபம் வருவது வேறு இடத்தில். ஒரு வாக்கியத்தை யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் அவருக்குத் தாங்காது. சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ‘இதை யார் பார்த்தது?’ என்று எழுதிவிடுவார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுவார்.

கோவில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கட்சி போஸ்டர், எதுவும் தப்பாது. ‘மக்கள் வெள்ளம் அலைமோதியது’ என்று வந்தால் போதும். “கொடையே அடுத்த வாரந்தான். அதுக்குள்ள எவன் கண்டான் வெள்ளத்த?” என்பார். ஓனர் தலையில் அடித்துக்கொள்வார். “ஏத்தா, காசு குடுக்குறவன் சொல்றத அடிக்கிறதுதான் நம்ம தொழிலு. நீ என்ன கலெக்டரா?” என்பார். அக்கா அடுத்த தாளை எடுத்துக்கொள்வார்.

ஒருதரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று வந்தது. சின்ன வயசுப் பெண். அடுப்படியில் தீப்பிடித்துச் செத்துப்போனாள் என்றார்கள். மாமனார்தான் வந்திருந்தார், வெள்ளை வேட்டி, கையில் போட்டோ. ‘எங்கள் குலவிளக்கே, எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்றாயே’ என்று வாசகம். அக்கா வாசித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனார்.

“இதுல ‘எங்களை’ன்னா யார் யாருங்கய்யா?”

“குடும்பத்தார்தாம்மா.”

“பொண்ணப் பெத்தவுக பேரு கீழ இல்லையே.”

“அவுக… அவுக பேரு போட வேண்டாம்னுட்டாக.”

“அப்ப அவுகளையும் சேத்து ‘எங்கள்’னு போடாதீக. உங்க பேர மட்டும் போட்டு, நாங்க மட்டும் அழுவுறோம்னு போடுங்க.”

மாமனார் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். ஓனர் அன்றைக்கு முழுக்கக் கத்தினார். எனக்கோ அக்கா செய்தது பெரிய சந்தோஷம். மத்தியானம் சாப்பிடும்போது, “சரியாக் கேட்டீகக்கா. அவுகதான் கொளுத்திட்டாகளாம்ல” என்றேன். அக்கா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“நீ பாத்தியா?”

“ஊரெல்லாம் பேசுதுக்கா.”

“ஊரு பாத்துச்சா? அந்தாளு பாக்காத ஒண்ண எழுதிட்டு வந்தான்னு அவன வெரட்டுனேன். நீ பாக்காத ஒண்ண எங்கிட்ட வந்து சொல்ற. ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

அந்த வாரம் முழுக்க நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். அக்காவிடம் உள்ள தொல்லையே இதுதான். நம் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக் கிட்டப் போனால், நமக்கும் அதே அடி விழும்.

அப்போது நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகையில் ஒன்றிரண்டு வந்திருந்தது. எங்கள் தெருவில் குடிகாரப் புருஷனிடம் அடி வாங்குகிற ஒருத்தியைப் பற்றி ஒரு கதை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பாராட்டுவார் என்று ஆசை. மறுநாள் இரண்டாம் பக்கத்தில் கோடு போட்டுக் கொண்டுவந்தார்.

“இது வரைக்கும் அவ கண்ணு வழியாப் பாத்துக்கிட்டு வந்தோம். அடுப்படி, கைக்கொழந்த, வாசல்ல செருப்புச் சத்தம். எல்லாம் அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியுது. அருமையா இருக்கு. இங்கன வந்து, ‘அடித்துவிட்டோமே என்று அவன் உள்ளுக்குள் அழுதான்’னு எழுதியிருக்க. அவ முதுகக் காட்டிக்கிட்டுக் கெடக்கா. இவன் உள்ளுக்குள்ள அழுதது யாருக்குத் தெரியும்?”

“எழுதுற எனக்குத் தெரியும்லக்கா.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? தொடக்கத்துல இருந்தே எல்லார் மனசுக்குள்ளயும் போயிட்டு வர்ற கதையா எழுதியிருந்தா நான் கேக்க மாட்டேன். அது ஒரு வக. ஆனா நீ இவ ஒருத்தியோட கண்ணுல இருந்து பாக்குறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வந்திருக்க. நடுவுல அவன நல்லவனாக் காட்டணும்னு ஒனக்கு ஒரு பயம் வந்துச்சு. ஒடனே இவள அம்போன்னு விட்டுட்டு அவனுக்குள்ள போயிட்ட. அடி வாங்குனவளுக்கு இருந்ததே அந்தக் கண்ணு ஒண்ணுதான். அதையும் புடுங்கி அடிச்சவன்ட்ட குடுத்துட்ட.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு கதைக்கு இவ்வளவு பேசுவார்களா? புரூஃப் பார்க்கிறவருக்கு என்ன இவ்வளவு கோபம்? கதையை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்குப் போய் அந்த வரியை அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

அக்காவின் தங்கச்சி பட்டாசு ஆலை விபத்தில் செத்துப்போனவள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் அப்படி ஒரு சாவு இல்லாத தெரு குறைவு. அதனால் யாரும் யாரிடமும் துருவிக் கேட்பதில்லை. அக்காவே சொன்ன நாள் ஒன்று உண்டு.

அன்றைக்குக் காலையில் எங்கேயோ ஒரு ஆலை வெடித்திருந்தது. சத்தம் அச்சகம் வரைக்கும் கேட்டது. கட்டிங் மிஷினில் இருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு, போனை எடுத்துத் தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு மறுபடி மிஷினை ஓடவிட்டார். மறுநாள் செய்தித்தாளில் ‘வெடிமருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று போட்டிருந்தது. அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தபடி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்பவும் உராய்வு. தானா வந்து தானா உராசிக்கிடும். உராசுனது யாரு, உராசச் சொன்னது யாரு, ஒண்ணும் கெடயாது” என்றார். பிறகு, யாரும் கேட்காமல், சொல்ல ஆரம்பித்தார்.

தீபாவளி சீசனுக்கு முந்தின மாசம். தங்கச்சி வேலை பார்த்த அறை மத்தியானம் வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் மற்ற எல்லாரும் அங்கேயே போய்விட்டார்கள். இவள் ஒருத்திதான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அக்காதான் கூட இருந்தார். தங்கச்சிக்கு உதடு ஒட்டிப்போயிருந்தது. கொண்டுவந்ததில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் திறந்து இருந்தது.

“மறுநாள் காலையில டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பி வந்தா வார்டு வாசல்ல கம்பெனி ஆளு ஒருத்தன் நிக்கான். ‘செத்த நேரம் நில்லுங்க, டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு’ங்கான். கதவுல கண்ணாடி இருந்துச்சு. டாக்டர் இல்ல, மேனேஜரு. ஒரு தாள வச்சு வாசிச்சுக்கிட்டு இருந்தான். என்ன வாசிச்சான்னு எனக்குக் கேக்கல, வாய் அசையிறதுதான் தெரிஞ்சுச்சு. அவ கை ரெண்டுலயும் கட்டுப் போட்டிருந்துச்சு. அவன் கையப் பாத்தான். பெறகு கால்மாட்டுக்குப் போயி, துணிய வெலக்கி, காலப் பாத்தான். வலது கால் வேகல. ஸ்டாம்ப் பேடு வச்சிருந்தான். பெருவிரல்ல மையத் தடவி, தாள்ல ஒத்தி எடுத்தான்.”

நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

“நான் அவனத் தள்ளிட்டு உள்ள போறேன், மேனேஜரு கைக்குட்டைய எடுத்து அவ வெரல்ல இருக்குற மையத் தொடச்சுக்கிட்டு இருக்கான். அம்புட்டு மரியாத. பக்கத்துல ஒரு பை ஆரஞ்சுப் பழம். ஒதடு ஒட்டிக் கெடக்குறவளுக்கு ஆரஞ்சுப் பழம். அவ சாயங்காலம் போயிட்டா. அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேஸு நடக்கும்போதுதான் நகல் வாங்கிப் பாத்தேன். ‘நான்’னு தொடங்குது. ‘நான் என் சுயநினைவோடு சொல்வது’. எல்லாம் நான், நான், நான். ஒரு நான் கூட அவளோடது இல்ல.”

தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ‘இதை யார் பார்த்தது?’ தாளைக் கிழிக்கிற மாதிரி ஏன் அழுத்தி எழுதப்படுகிறது என்று நான் கேட்கவில்லை.

கேஸ் போர்மேன் மேலும் மேனேஜர் மேலும்தான். முதலாளி பெயர் அதில் கிடையாது. அவர் அன்றைக்கு ஆலையில் இல்லை என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். அந்த முதலாளி, பிள்ளைகளிடம் தொழிலைப் பாதி ஒப்படைத்துவிட்டு, கதை எழுத ஆரம்பித்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. அவருடைய சிறுகதைத் தொகுப்பு அச்சுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஓனருக்குத் தலைகால் புரியவில்லை. லேபிள் ஆர்டர் முழுக்க அந்தக் கம்பெனியில் இருந்துதான் வரும்.

நான்தான் டைப் செய்தேன். பாதிக்கு மேல் சுமாரான கதைகள். நடுவில் ‘மன்னிப்பு’ என்று ஒன்று. பட்டாசு ஆலையில் தீக்காயம் பட்ட ஒருத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தானே சொல்கிற மாதிரி எழுதியிருந்தார். ‘நான் இன்னும் சில மணி நேரத்தில் போய்விடுவேன். அதில் எனக்கு வருத்தமில்லை’ என்று தொடங்கும். மெதுவாகச் செய்யச் சொல்லி முதலாளி எத்தனையோ முறை சொல்லியும் தான் அவசரப்பட்டதை நினைத்து அவள் வருந்துவாள். தன்னால் முதலாளிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதே என்று அழுவாள். பார்க்க வந்த முதலாளியின் காலைத் தொட முடியாமல் கையில் கட்டுப் போட்டிருக்கிறதே என்று தவிப்பாள். டைப் செய்யும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், பாவி.

புரூஃப் அக்காவிடம் போனது. அந்தக் கதையில் அவர் ஒரு கோடு போடவில்லை. ஓரத்தில் ஒரு எழுத்து எழுதவில்லை. தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“இத டைப் அடிக்கும்போது அழுதியா?”

“ஆமாக்கா.”

“அழணும்னுதான் எழுதியிருக்கான். இந்த வரியப் பாரு. ‘என் கவனக்குறைவால் நேர்ந்ததே அன்றி, வேறு எவர் மீதும் குற்றமில்லை.’ சாகப்போற பொம்பள இப்படிப் பேசுவாளா? இது அந்தத் தாள்ல இருக்குற வரி. அப்படியே எடுத்து வச்சிருக்கான்.”

இரண்டு நாள் கழித்து முதலாளியே அட்டை பார்க்க வந்தார். தும்பைப் பூ மாதிரிச் சட்டை, மெதுவான பேச்சு. யாரையும் ‘வா, போ’ என்று பேசமாட்டார். அட்டையைப் பார்த்துவிட்டு, “புரூஃப் பாத்த டீச்சரம்மா யாரு? கதையெல்லாம் எப்படி இருக்கும்மா?” என்றார்.

ஓனர் முந்திக்கொண்டு, “பிரமாதம்னு சொன்னாங்க” என்றார்.

“நான் சொல்லல” என்றார் அக்கா. “மத்த கதையில எழுத்துப் பிழைதான் இருந்துச்சுங்கய்யா, திருத்திட்டேன். ‘மன்னிப்பு’ல இருக்குறது ஆள் பிழை. அத நான் திருத்த முடியாது.”

முதலாளி சிரித்தார். கோபப்படவில்லை. “ஒரு ஆம்பள, அதுவும் முதலாளி, ஒரு தொழிலாளிப் பொண்ணா இருந்து எழுதலாமான்னு கேக்குறீங்க. எழுத்தாளனுக்கு அந்த உரிமை உண்டும்மா. கூடு விட்டுக் கூடு பாயறதுதானே எழுத்து?”

“தாராளமாப் பாயலாம்யா. நான் வேண்டாங்கல. ஆனா பாஞ்சா அந்த ஒடம்போட எரிச்சலயும் சேத்து வாங்கிக்கிடணும். அந்தக் கட்டில்ல இருந்து பாத்தா என்ன தெரியும்? விட்டத்துல ஃபேன் தெரியும். எட்டிப் பாக்குற மூஞ்சி தெரியும். ஒங்க கதையில அவளுக்கு ஃபேன் தெரியல, தாகம் தெரியல, பெத்த பிள்ள ஞாபகம் வரல. ஒங்க பேரு கெட்டுப்போச்சேங்குறது மட்டுந்தான் தெரியுது. நீங்க அவளுக்குள்ள போகலய்யா. அவள வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல நீங்க படுத்துருக்கீக.”

ஓனர் “ஏத்தா, ஏத்தா” என்று அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா கையை உதறினார்.

“அது எந்தங்கச்சி” என்றார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த மனுஷர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பிறகு அவர் நிமிர்ந்து கேட்டார்.

“கடைசியா அந்தப் பொண்ணு என்னம்மா சொன்னா? நீங்க கூட இருந்திருப்பீங்க. சொல்லுங்க, மாத்திடுறேன். அவ பேசுனத அப்படியே போட்டுடுவோம். கதைக்கும் பலமா இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் என் இரக்கம் செத்துப்போனது. அக்கா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. குரல் இன்னும் தாழ்ந்தது.

“அவ ஒண்ணும் பேசலய்யா. பேசியிருந்தாலும் ஒங்ககிட்டத் தர மாட்டேன். ஒங்களுக்கு அந்த நாளப் பத்தி எழுதணும்னா எழுதுங்க. ‘நான்’னே தொடங்குங்க. ஆனா அந்த நான் நீங்களா இருக்கணும். அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்கன இருந்தீக? சேதி சொன்னது யாரு? போன வச்சதும் ஆம்புலன்சுக்குச் சொன்னீகளா, வக்கீலுக்குச் சொன்னீகளா? அந்தத் தாள டைப் அடிக்கச் சொன்னது யாரு? இதெல்லாம் எனக்குத் தெரியாது. உள்ள இருந்து செத்தவுகளுக்கும் தெரியாது. ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் எழுத முடியும். எழுதுங்க, ஒத்தப் பிழையில்லாமப் பாத்துத் தாரேன்.”

முதலாளி எழுந்தார். ஓனரைப் பார்த்து, “அட்டை நல்லா வந்திருக்கு” என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலமே போன் வந்தது. புத்தக வேலை நின்றது, லேபிள் ஆர்டரும் நின்றது. ஓனர் அக்காவைக் கூப்பிட்டு, நாளையில் இருந்து வரவேண்டாம் என்றார். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தினசரிக் காலண்டர்ல ஒரு பிரதோஷம் மறுநாளுக்குத் தள்ளி விழுந்திருக்கு, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் வேறு இடத்தில் அச்சாகி வந்தது. அந்தக் கதையில் ஒரு புள்ளி மாறவில்லை. விருதுநகரில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஆலைப் பெண்களைக் கம்பெனி வேனில் கூட்டிப்போய் உட்காரவைத்தார்களாம். ஒரு காலேஜ் பெண் அந்தக் கதையை மைக்கில் வாசிக்க, மேடையில் இருந்தவர்கள் அழுதார்களாம். கூட்டிப்போன பெண்கள் அழுதார்களா என்று போய்வந்த ஒருத்தியிடம் கேட்டேன். “எங்க, முன்னால இருந்து போட்டோப் புடிச்சுக்கிட்டே இருந்தாக. அசையக் கூடாதுன்னாக” என்றாள்.

அதற்கடுத்த வருஷம்தான் அக்காவைக் கோர்ட்டில் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். தங்கச்சியின் வீட்டுக்காரர் வந்திருந்தார், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அரசாங்க வக்கீல் வராந்தாவில் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்.

“டீச்சர், ஒரு வரி சொன்னாப் போதும். ‘தொடக் கூடாத முந்தின நாள் மிச்ச வெடிமருந்தப் போர்மேன் எடுத்துக் குடுத்து வேலை பாக்கச் சொன்னாருன்னு தங்கச்சி எங்கிட்ட சொன்னா.’ சாகப்போறவ சொன்னதுன்னா கோர்ட்டு எடுத்துக்கும். நடந்ததும் அதுதான், எல்லாருக்கும் தெரியும்.”

“நடந்தது அதுவா இருக்கலாம் சார். ஆனா அவ சொல்லல.”

வீட்டுக்காரர் அக்காவின் முன்னால் வந்து நின்றார். “மதினி. அவனுக பொய்ய எளுதி அவ கால்ல மையத் தடவுனானுக. நாம உண்மையச் சொல்லி அவ பேரச் சொன்னா என்ன தப்பு?”

“செத்தவ வாயி என்ன சாக்கா, ஆளாளுக்கு அள்ளிப் போட? அவுக போட்டாகன்னுதான இங்கன வந்து நிக்கோம்.”

“ஒங்க கால்ல விளுறேன் மதினி.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. இது கதையா? இதில் என்ன பார்வைக் கோணம்? ஒரே ஒரு வரி. அவனுகள் உள்ளே போவானுகள்.

கூண்டில் ஏறி அக்கா தான் பார்த்ததைச் சொன்னார். கண்ணாடி, தாள், ஸ்டாம்ப் பேடு, கால் பெருவிரல், கைக்குட்டை. தங்கச்சி பேசவில்லை, பேச முடியாது என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“வெடிச்சப்ப நீங்க அறைக்குள்ள இருந்தீங்களா?”

“இல்ல.”

“எப்படி வெடிச்சதுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப உங்களுக்கு எதுவுமே தெரியாது.”

“பாத்தவுக எல்லாரும் செத்துட்டாக. இங்கன இருக்குற நாம எல்லாரும் வெளிய நின்ன ஆளுகதான். நீங்களும் வெளிய நின்னவருதான், ஆனா அவ அவசரப்பட்டான்னு எழுதிக் குடுத்திருக்கீக. நான் அப்படி எழுதிக் குடுக்கல.”

தீர்ப்பு வர மாசங்கள் ஆயின. அந்தத் தாளை நம்ப முடியாது என்று கோர்ட்டு தள்ளிவிட்டது. உதடு ஒட்டிய ஒருத்தி அப்படி ஒரு வாக்குமூலம் சொல்லியிருக்க முடியாது, அக்காவின் சாட்சி அலங்காரமில்லாமல் இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆனால் அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. அதனால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துப் போர்மேனையும் மேனேஜரையும் விட்டுவிட்டார்கள்.

வெளியே மேனேஜர் யாருக்கோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டே போனார். தங்கச்சி வீட்டுக்காரர் அக்காவிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“பொய்ய ஒடச்சிட்டீக மதினி. சந்தோசம். அவள ஆரு கொன்னான்னு கேட்டா, ஆருமே இல்லன்னு ஆக்கிட்டீக.”

அவர் தன் மகளை எங்களிடம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அம்மா சாகும்போது அந்தப் பிள்ளை ஒண்ணாம் வகுப்பு. இப்போது பாவாடை சட்டையில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. பள்ளி லீவு நாட்களில் அக்கா வீட்டில்தான் இருக்கும்.

காலையில் இருந்து யாரும் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. முதலாளி மேல் ஒரு கோபம், மேனேஜர் சிரிப்பின் மேல் ஒரு கோபம், எல்லாவற்றுக்கும் மேலே இந்த அக்காவின் மேல். ஊரே பொய் சொல்லிப் பிழைக்கிற இடத்தில் இவருக்கு மட்டும் என்ன?

பிள்ளை பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டது.

“பெரியம்மா, அம்மா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?”

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள், ‘உன் பேரைத்தான் சொன்னா’ என்று சொல்லிவிடுங்கள். இதற்கு எந்தக் கோர்ட்டும் உங்களைக் கூண்டில் ஏற்றாது. பிள்ளைக்குச் சொல்கிற பொய்க்குப் பாவம் கிடையாது.

“சொல்லலத்தா” என்றார் அக்கா. “அவளால பேச முடியல.”

பிள்ளையின் கை நின்றது. எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

“ஆனா ஒஞ் சட்ட ஒண்ணு எம் பைக்குள்ள கெடந்துச்சு. பட்டன் தைக்கணும்னு எடுத்து வச்சது. அத எடுத்து அவ கண்ணுக்கு நேரா விரிச்சுப் பிடிச்சேன். அவ கண்ணு அத விட்டு நகரல.”

“எம்புட்டு நேரம்?”

“நர்சம்மா என்னைய வெளிய போகச் சொன்ன வரைக்கும். அதுக்குப் பெறகு தெரியலத்தா. நான் உள்ள இல்ல.”

பிள்ளை அப்போதுதான் தலை நிமிர்ந்தது.

“எந்தச் சட்ட?”

“ஊதாப் பூப் போட்டது. கழுத்துக்கிட்ட சாயம் போயிருக்கும்.”

“அது எங்க?”

“வீட்டுலதான் இருக்கு. இன்னும் பட்டன் தைக்கல.”

பிள்ளை பாதிப் பரோட்டாவை இலையில் அப்படியே விட்டுவிட்டு, எழுந்து கை கழுவப் போனது.